தனியே பயணம் போகும் பாஸ்போர்ட்

நாசிக்

இந்தியப் பாஸ்போர்ட் பிறக்கும் ஊர் மகாராஷ்டிரத்தின் நாசிக். அங்குள்ள இந்தியப் பாதுகாப்பு அச்சகத்தில்தான் கருநீல அட்டை போட்ட வெற்றுப் புத்தகங்கள் கட்டுக்கட்டாகத் தயாராகின்றன. சாதாரணப் புத்தகத்துக்கு 36 பக்கம். அடிக்கடி விமானம் ஏறுகிறவர்கள் 60 பக்கம் கேட்டு வாங்கலாம். அச்சகத்தை விட்டுக் கிளம்பும்போது அதற்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. எண் மட்டும் உண்டு.

பெயர் ஏறுவதற்கு முன்பே அதற்குள் ஒரு வேண்டுகோள் அச்சாகிவிடுகிறது. இந்தப் புத்தகத்தை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போகவிடுங்கள், தேவைப்பட்டால் உதவுங்கள் என்று குடியரசுத் தலைவரின் பெயரால் உலகத்தைக் கேட்டுக்கொள்ளும் வாசகம் அது. ஏறக்குறைய எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. எந்த நாடு கேட்டால் எந்த நாடு செவிசாய்க்கும் என்பதில்தான் வித்தியாசம்.

இந்தப் புத்தக வடிவத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. முதல் உலகப் போர் வந்து ஐரோப்பிய எல்லைகளில் காவல் போடும்வரை, பாஸ்போர்ட் இல்லாமலே அந்தக் கண்டத்தின் பெரும்பகுதியைச் சுற்றிவர முடிந்தது. போருக்காகப் போட்ட காவல் போர் முடிந்தும் விலகவில்லை. 1920இல் சர்வதேச சங்கம் பாரிஸில் ஒரு மாநாடு கூட்டி, எல்லா நாடுகளும் ஒரே மாதிரி 32 பக்கப் புத்தகத்தை அச்சிடலாம் என்றது. விசாக் கட்டணம் 10 தங்க ஃபிராங்குக்கு மேல் போகக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. 1926இல் ஜெனீவாவில் கூடிய அடுத்த மாநாடு, நாடுகள் தங்களுக்குள் பேசி விசாவையே விட்டுவிடலாம் என்றது. புத்தகம் நிலைத்துவிட்டது. மற்ற இரண்டு பரிந்துரைகளும் சில நாட்டாருக்கு மட்டும் பலித்தன.

தஞ்சாவூர்

நாம் பின்தொடரும் புத்தகம் கும்பகோணத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் முழுக்க வகுப்பில் உலக வரைபடத்தை மாட்டிப் பாடம் நடத்தியவர். ஓய்வூதியம் வருகிறது, பிள்ளைகள் செட்டிலாகிவிட்டார்கள். பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் என்று பத்து நாளில் காட்டிவிட்டுக் கூட்டிவரும் டூரில் ஒருமுறை போய்வர ஆசை.

தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் டோக்கன் வாங்கி, மூன்று கவுண்டர்களைத் தாண்டி வெளியே வருகிறார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வெரிஃபிகேஷனுக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்துக் கையெழுத்து வாங்கிப் போகிறார்கள். பிறகு ஸ்பீடு போஸ்டில் புத்தகம் வீட்டு வாசலுக்கே வருகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இதில் பெரிய கஷ்டம் இல்லை. சொந்த நாட்டின் சந்தேகம் இந்த ஒரு விசாரணையோடு தீர்ந்துவிடும்.

ஒரே ஒரு இடத்தில் தமிழருக்கே உரிய சிக்கல் ஒன்று முளைக்கும். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு அறுபது வருஷம் வாழ்ந்தவரிடம் குடும்பப் பெயர் என்ன என்று படிவம் கேட்கிறது. சிலர் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ அந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள். சிலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலிக் கட்டம் பின்னால் எங்கே உறுத்தும் என்று சொல்ல முடியாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று விமான நிறுவனங்களுக்குத் தெரிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். இனிஷியலோடு வாழும் ஒரு சமூகம் சில நாள் கதிகலங்கியது. வேறொரு பெயர் வழக்கத்தை மனதில் வைத்து எழுதிய விதி அது. அதற்குள் பொருந்தாதவர் குற்றவாளி இல்லை என்றாலும் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவர் தலையில்தான் விழுகிறது.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அது தன் சொத்து என்று ஆசிரியை நினைத்துக்கொள்வார். 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அது எப்போதும் இந்திய அரசின் சொத்து. அவர் அதை வைத்திருப்பவர் மட்டும்தான்.

கும்பகோணம்

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஃபைல் சேர்ப்பது தனி வேலை. டிராவல்ஸ் ஆபீஸில் ஒரு பட்டியல் தருவார்கள். பேங்க் ஸ்டேட்மென்ட், மூன்று வருஷ ஐ.டி. ரிட்டர்ன், ஓய்வூதிய ஆணை, போக வர டிக்கெட் புக்கிங், தங்கப்போகும் ஓட்டல்களின் விவரம், எந்த நாளில் எந்த ஊர் என்ற அட்டவணை, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, கவரிங் லெட்டர். ஃபோட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர். ஸ்டூடியோக்காரர் "சிரிக்காதீங்கம்மா, நேரா பாருங்க" என்று சொல்லி எடுத்துக் கொடுப்பார். உல்லாசப் பயணத்துக்கான படத்தில் சிரிப்பு கூடாது.

டிராவல்ஸ்காரருக்கும் ஆசிரியைக்கும் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"டீச்சரம்மா, அக்கவுண்ட்ல எவ்வளவு இருக்கு?"

"ஒண்ணும் குறைச்சல் இல்ல தம்பி. பையன்கிட்ட சொன்னா இன்னும் ரெண்டு லட்சம் போட்டு விடுவான்."

"அய்யய்யோ, அதைச் செய்யாதீங்க. திடீர்னு பணம் வந்து உட்கார்ந்தா அதுவே சந்தேகம்."

"என் புள்ள பணம்தானே?"

"உங்க புள்ள பணம்தான். ஆனா அது ஆறு மாசமா அங்கேயே இருந்திருக்கணும். வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

"அது எதுக்கு? வீட்டை விக்கவா போறேன்?"

"நீங்க திரும்பி வருவீங்கன்னு காட்டத்தாம்மா."

மொத்த ஃபைலுக்கும் உயிர் இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. பாரிஸில் என்ன பார்க்கப் போகிறார் என்பது யாருக்கும் முக்கியமில்லை. கும்பகோணத்துக்குத் திரும்ப அவருக்குக் காரணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஓய்வூதியம், வீடு, பேரப்பிள்ளைகள், வைப்புத்தொகை என்று அவர் வாழ்க்கையில் அவரைக் கட்டிப்போடும் ஒவ்வொன்றும் இங்கே சாட்சியாக வந்து நிற்க வேண்டும். நிலம் இல்லாதவருக்கும், கல்யாணமாகாத இளைஞருக்கும், கையில் காசாகச் சம்பளம் வாங்குகிறவருக்கும் சாட்சி கிடைப்பது கஷ்டம்.

சென்னை

ஃபைலும் ஆளும் சேர்ந்து சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள். அங்கே அவர் போகும் விசா மையம் தூதரகம் அல்ல. 2001இல் மும்பையில், அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு வெளியே நீண்ட வரிசைகளுக்கு மாற்றாகத் தொடங்கிய ஒரு தொழில் இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. விண்ணப்பம் வாங்குவது, காகிதத்தைச் சரிபார்ப்பது, கைரேகை எடுப்பது, பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது எல்லாம் இந்தத் தனியார் மையங்களின் வேலை. முடிவெடுப்பது மட்டும் தூதரகம். ஆகவே மையத்தின் கவுண்டரில் உள்ளவரிடம் எதையும் வாதாட முடியாது. வாதாட வேண்டியவரை விண்ணப்பித்தவர் பார்க்கவே போவதில்லை.

பத்து விரல் ரேகையும் முகமும் பதிவாகின்றன. இந்தியாவில் 2015 நவம்பர் முதல் இந்தப் பதிவு கட்டாயம். ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதங்களுக்குச் செல்லும். விசாக் கட்டணம் 90 யூரோ, ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். 2020 பிப்ரவரிக்கு முன் 60 யூரோவாக இருந்தது 80 ஆனது. 2024 ஜூன் முதல் 90. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது.

ரசீது வாங்கிக்கொண்டு ஆசிரியை கும்பகோணம் திரும்புகிறார். அவர் பாஸ்போர்ட் திரும்பவில்லை. இங்கிருந்துதான் அது தனியே பயணம் போகிறது. முத்திரையிட்ட கூரியர் பையில், அவர் பார்த்தறியாத கட்டடத்துக்கு. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது ஷெங்கன் விதி. நாள் கணக்கு சமமானால் முதலில் கால்வைக்கும் நாடு. அந்த நாட்டைப் பொறுத்துப் புத்தகம் டெல்லிக்கும் போகலாம், மும்பைக்கும் போகலாம். வழக்கமாக 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சந்தேகம் வலுத்தால் 45 நாள்வரை நீட்டிக்கலாம். அதுவரை அவருக்குப் பாஸ்போர்ட் கேட்கும் எந்த நாட்டுக்கும் போக வழியில்லை.

மோசல் ஆறு

அந்தப் பை கூரியர் வண்டியில் போகும் நேரத்தில், இந்த ஏற்பாடு எங்கே முளைத்தது என்று பார்த்துவிடலாம்.

1985 ஜூன் 14. லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தை ஒட்டி ஓடும் மோசல் ஆற்றில், 'பிரின்செஸ் மாரி-ஆஸ்ட்ரிட்' என்ற கப்பலில் ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள் கையெழுத்துப் போட்டார்கள். தங்களுக்கிடையே எல்லைச் சோதனையைப் படிப்படியாக எடுத்துவிடுவது என்பது ஒப்பந்தம். பத்து வருஷம் கழித்து, 1995 மார்ச்சில், அது நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள். உள்ளே கதவுகளைக் கழற்றியபோது வெளிவாசலுக்கு எல்லோரும் சேர்ந்து ஒரே பூட்டைப் போட்டார்கள். எந்த நாட்டாருக்கு விசா வேண்டும், எந்த நாட்டாருக்கு வேண்டாம் என்று 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் இரண்டு பொதுப் பட்டியல்களை வெளியிட்டது. இந்தியா விசா தேவைப்படும் பட்டியலில் இருந்தது; இன்னும் இருக்கிறது.

அதே 1985இல் நடந்த இன்னொன்று நமக்கு நெருக்கமானது. 1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் கிடைத்த வழியில் எல்லாம் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அதுவரை காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் அவர்கள் முன்விசா இல்லாமல் பிரிட்டனுக்கு விமானம் ஏற முடிந்தது. 1985 மே மாதம் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றின் குடிமக்கள்மீது அது அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. அடுத்த ஆண்டு இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, கானா எல்லாம் பட்டியலில் சேர்ந்தன. கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பெர்லினுக்கு ரயிலேறித் தஞ்சம் கேட்ட தமிழர்களின் வழியும் அதே 1985இல் அடைபட்டது. மேற்கு ஜெர்மனி வற்புறுத்த, விசா இல்லாத தமிழரைத் தன் வழியாக விடுவதைக் கிழக்கு ஜெர்மனி நிறுத்திக்கொண்டது.

1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழ் அகதிகள் சிலர் விமானத்தடியில் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. அடுத்த சில வாரங்களிலேயே பிரிட்டன் ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தது. உரிய விசா இல்லாத ஒவ்வொரு பயணிக்கும், அவரை ஏற்றிவந்த விமான நிறுவனம் 1,000 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும். அன்றிலிருந்து எல்லைக் காவல் விமான நிறுவனத்தின் செக்-இன் கவுண்டருக்கு இடம் மாறியது. ஐரோப்பிய ஒன்றியமும் 2001இல் இதே மாதிரி அபராதத்தை விதித்தது. இந்தியாவும் சும்மா இருக்கவில்லை; 2000இல் பிரிட்டிஷ் சட்டத்தின் பெயரைக்கூட மாற்றாமல் இங்கே ஒன்றை இயற்றி, ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வைத்தது. மீனம்பாக்கத்தில் லக்கேஜ் எடை போடும் பெண் நம் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது இதனால்தான்.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். சுற்றுலா விசா விதிகளை எழுதியவர்கள் சுற்றுலாப் பயணியை நினைத்து எழுதவில்லை. தஞ்சம் கேட்கப்போகிறவரையும், வேலை தேடித் தங்கிவிடுவார் என்று தாங்கள் அஞ்சியவரையும் நினைத்து எழுதினார்கள். தஞ்சம் கேட்டு வருகிறவரை எல்லையிலிருந்து துரத்தக் கூடாது என்று 1951 அகதிகள் ஒப்பந்தம் தடுக்கிறது. அவர் எல்லைக்கே வராமல் பார்த்துக்கொள்ள விசா உதவுகிறது. இடையில் அகப்பட்டுக்கொண்டவர்தான் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு நிற்கும் ஆசிரியை.

மேசை

பாஸ்போர்ட் இப்போது அதிகாரியின் மேசைக்கு வந்துவிட்டது. கைரேகை, ஐரோப்பிய விசாத் தகவல் தொகுப்போடு ஒப்பிடப்படுகிறது. காகிதங்களை ஒருவர் பார்க்கிறார். இங்கிருந்து இரண்டு வழி.

முதல் வழி ஸ்டிக்கர். புத்தகத்தின் ஒரு பக்கத்தை ஏறக்குறைய முழுவதும் அடைத்துக்கொள்ளும் பச்சை நிறத் தாள். இடப்புறம் ஆளின் படம். சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும் குறி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம். பத்து நாள் டூருக்குப் பத்துப் பதினைந்து நாள்தான் எழுதியிருக்கும். வகை என்ற இடத்தில் 'சி'. அடியில் இயந்திரம் படிக்க இரண்டு வரி, வரிக்கு 36 எழுத்து. அதில் அவர் பெயர் நடுவே அம்புக்குறிகளால் உடைந்து கிடக்கும். நாட்டுக் குறி 'ஐ.என்.டி.' மட்டும் உடையாமல் நிற்கும்.

இரண்டாவது வழி ஒரு படிவம். அதில் காரணங்கள் எண் போட்டு முன்பே அச்சாகியிருக்கும். பொருந்தும் கட்டத்தில் ஒரு டிக். பயண நோக்கம் சரியாக நிறுவப்படவில்லை. செலவுக்குப் பணம் இருப்பதற்கு ஆதாரம் போதாது. விசா முடிவதற்குள் திரும்பிப் போவீர்கள் என்பதில் நியாயமான ஐயம் இருக்கிறது. எந்தக் காகிதத்தைப் பார்த்து, எதனால் அந்த ஐயம் வந்தது என்று பெரும்பாலும் விளக்கம் இருப்பதில்லை. மேல்முறையீட்டு உரிமை சட்டப்படி உண்டு. பிரான்ஸ் மறுத்தால் நாந்த் நகரத்து அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் அங்கேயுள்ள நிர்வாக நீதிமன்றம். ஜெர்மனியில், மறுத்த தூதரகத்துக்கே எழுதி மறுபரிசீலனை கேட்கும் எளிய வழி ஒன்று இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். இனி பெர்லின் நீதிமன்றம்தான். டூர் பஸ்ஸோ அதற்குள் பாரிஸைத் தாண்டிப் போய்விடும்.

2024இல் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஷெங்கன் விண்ணப்பங்கள் போயின. சுமார் 1.65 லட்சம் நிராகரிக்கப்பட்டன. ஏறத்தாழ ஏழில் ஒன்று. திரும்பாத கட்டணத்தைக் கணக்குப் போட்டால் அந்த ஒரு வருஷத்தில் மட்டும் ஒரு கோடி யூரோவுக்கு மேல். பெண் பார்க்க வந்தவர்கள் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனால் பஜ்ஜி, சொஜ்ஜிச் செலவு பெண் வீட்டார் தலையில்தான். இதுவும் அந்த முறைதான். சந்தேகப்படுகிறவர் ஒருவர், அதற்குக் காசு கட்டுகிறவர் இன்னொருவர்.

காசைத் தண்டனையாகவே வைத்ததும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து திருப்பி அனுப்பப்படும் தன் குடிமக்களை ஏற்றுக்கொள்வதில் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா ஒத்துழைக்கவில்லை என்று, 2022 டிசம்பரில் காம்பியர்களுக்கு மட்டும் கட்டணத்தை 80 யூரோவிலிருந்து 120 ஆக்கினார்கள். பின்னர் அந்த உயர்வு விலக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், தன் அரசு செய்ததற்காகத் தனியாள் ஒருவர் கூடுதலாகக் கட்டினார்.

எதிர்த்திசை

இதே நேரத்தில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் தஞ்சைப் பெரிய கோயில் பார்க்க வர நினைக்கிறார். அவருடைய பாஸ்போர்ட்டின் கதை சீக்கிரம் முடிந்துவிடும். இந்தியாவின் இ-விசா தளத்தில் படத்தையும் பாஸ்போர்ட் பக்கத்தையும் ஏற்றுகிறார். 30 நாள் விசாவுக்கு 25 டாலர். ஏப்ரல் முதல் ஜூன்வரை 10 டாலர். ஓரிரு நாளில் மின்னஞ்சல் வருகிறது. அவர் பாஸ்போர்ட் மேசை டிராயரை விட்டு நகரவே இல்லை. பேங்க் பாஸ்புக்கையோ வீட்டுப் பத்திரத்தையோ யாரும் கேட்கவில்லை. 2014 நவம்பரில் 43 நாடுகளுக்கு என்று தொடங்கிய இந்த வசதி இப்போது 160க்கும் மேற்பட்ட நாட்டாருக்கு உண்டு. முதலில் திறந்த ஒன்பது விமான நிலையங்களில் சென்னையும் ஒன்று.

அவர்கள் நம்மை நடத்துகிற மாதிரி நாமும் அவர்களை நடத்தினால் என்ன என்ற கேள்வி இங்கே வரும். பிரேசில் அதைச் செய்து பார்த்த நாடு. அமெரிக்கா வெளிநாட்டாரின் கைரேகையும் படமும் எடுக்க முடிவு செய்தபோது, பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்து நீதிபதி ஒருவர், 2004 ஜனவரி முதல் அமெரிக்கர்களுக்கும் அதையே செய்ய உத்தரவிட்டார். அங்கே இறங்கிய அமெரிக்க விமானி ஒருவர் கேமராவுக்கு நேரே நடுவிரலைக் காட்டிக் கைதாகி அபராதம் கட்டிய கதையும் உண்டு. 2019இல் அதிபர் போல்சனாரோவின் அரசு அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய நான்கு நாட்டாருக்கும் விசா வேண்டாம் என்றது. பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. அவருக்குப் பின் லூலா திரும்ப ஆட்சிக்கு வந்ததும் பழைய கொள்கையைத் தூசி தட்டினார். ஜப்பான் இறங்கிவந்து பிரேசிலியருக்கு விசாவை விலக்கியது. மற்ற மூன்று நாட்டாருக்கும் 2025 ஏப்ரல் 10 முதல் மறுபடி விசா.

பிரேசிலுக்குக் கிடைத்தது ஒரு ஜப்பான். மானத்துக்கு அது நல்லதுதான். ஆனால் பதிலுக்குப் பதில் என்பது நியாயத்தின் ஒரு பகுதிதான். லண்டன் பொருளாதாரப் பள்ளியின் எரிக் நியூமாயர், 2010இல் வெளியான தன் ஆய்வில், விசாக் கட்டுப்பாடு இருந்தால் இரு நாடுகளுக்கிடையிலான பயணம் சராசரியாகப் பாதிக்கும் மேல் குறைகிறது என்று காட்டினார். கும்பகோணம் டீச்சருக்கு வந்த சிரமத்தைக் கொலோன் நகரத்து டீச்சருக்கும் கொடுத்தால் சிரமப்படுகிறவர் இரண்டு பேர் ஆவார்கள். மகாமகக் குளக்கரையில் பழம் விற்கிறவருக்கு வியாபாரமும் போகும். ஏழை நாடு பதிலடி கொடுத்தால் முதலில் வலிப்பது அதன் சுற்றுலாத் தொழிலுக்கு. பணக்கார நாடுகளுக்கு இது தெரியும்.

நம் கையும் சுத்தமில்லை. இந்தியாவின் இ-விசாப் பட்டியலில் பாகிஸ்தான் இல்லை. உறவினரைப் பார்க்க வந்த பாகிஸ்தானியருக்கு, உறவு சுமுகமாக இருந்த காலத்தில்கூட, இன்ன ஊர்களுக்கு மட்டும் என்று பெயர் எழுதித்தான் விசா கொடுத்தார்கள்; ஊர் போய்ச் சேர்ந்ததும் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். 2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் அவர்களுடைய விசாக்கள் ரத்தாயின. தாக்கியவர்களுக்கும், லக்னோவில் கல்யாணத்துக்கு வந்திருந்த அத்தைக்கும் ஒரே தீர்ப்பு. நாட்டின் பாதுகாப்பு என்ற காரணம் பொய்யில்லை. ஆனால் ஐரோப்பாவும் தன் காரணம் பொய்யில்லை என்றுதான் சொல்கிறது.

கிழக்கே ஒரு சுற்று

நிராகரிக்கப்பட்ட பாஸ்போர்ட் செத்துவிடுவதில்லை. 2023 நவம்பர் முதல் தாய்லாந்தும், டிசம்பர் முதல் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று அறிவித்தன. திருச்சியில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். அதே ஆசிரியை, அதே புத்தகம், அதே பேங்க் அக்கவுண்ட். மேற்கே போனால் சந்தேகத்துக்குரியவர், கிழக்கே போனால் விருந்தாளி. இடையில் அவர் மாறவில்லை. அவர் பர்ஸ் யாருக்கு எவ்வளவு தேவை என்பதுதான் மாறியிருக்கிறது. கொரோனாத் தொற்றுக்குப் பின் காலியாகக் கிடந்த ஓட்டல்களை நிரப்ப வேண்டியிருந்த நாடுகள் கதவைத் திறந்தன.

ஏற்கெனவே வேண்டியவருக்கு மேலும் திறப்பது இந்த உலகத்தின் வழக்கம். ஜெர்மன் சமூகவியலாளர் ஸ்டெஃபன் மாவும் அவர் குழுவினரும் 1969க்கும் 2010க்கும் இடையிலான விசா விலக்குகளை ஒப்பிட்டார்கள். பணக்கார நாட்டாருக்கு விசா இல்லாமல் போகக்கூடிய நாடுகள் பெருகியிருந்தன; ஆப்பிரிக்க நாட்டார் பலருக்கு அது நகரவில்லை, சிலருக்குக் குறைந்தேவிட்டது. தனி மனிதர்களிலும் அதே கணக்குதான். காலம் முடியாத அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ ஏற்கெனவே உள்ள பாஸ்போர்ட்டைக் காட்டினால் துருக்கி, ஜார்ஜியா போன்ற நாடுகள் இந்தியருக்குச் சலுகை தருகின்றன. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் காலாவதியான பழைய பாஸ்போர்ட்டுகளைப் புதியதோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டே கொண்டுபோகிறார்கள். 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியருக்குத் தந்த சலுகையும் இதே வகை. மூன்று வருஷத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு வருஷ விசா, பிறகு ஐந்து வருஷம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல்முறை போகிறவருக்கு அதில் ஒன்றுமில்லை. சந்தேகம் முழுவதும் அவர்மேல்தான். அதைப் போக்கிக்கொள்ள வாய்ப்புக் கொடுக்க மறுக்கும் அதிகாரமும் அதே மேசையில்தான்.

இனி

இந்தத் தனிப்பயணங்களுக்கு முடிவு தெரிகிறது. ஸ்டிக்கருக்குப் பதிலாக இணையவழி விசா தரும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023 நவம்பரில் இயற்றிவிட்டது. பொதுத் தளம் 2028 வாக்கில் வர வேண்டும். ஸ்டிக்கர் போய் ஒரு பார்கோடு வரும். நம் பக்கத்திலும் 2025 மார்ச்சில் சென்னை அலுவலகம் சிப் வைத்த பாஸ்போர்ட் வழங்கத் தொடங்கியது. புத்தகம் பெரும்பாலும் சொந்தக்காரரின் பீரோவிலேயே இருக்கலாம்.

வேகம் கூடும். நியாயம் தானாகக் கூடாது. யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. அதை யாரும் பிடுங்கப் போவதில்லை. விசாவே இல்லாத உலகத்தை இப்போதைக்கு எதிர்பார்க்கவும் வேண்டாம். கேட்கக்கூடியது சிறியது, ஆனால் கணக்கில் நிற்கக்கூடியது. மறுத்தால் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுத்ததற்கு அந்த ஆளின் காகிதத்தைச் சுட்டி ஒரு பத்தியாவது எழுத வேண்டும். மேல்முறையீட்டை, விண்ணப்பம் வாங்கிய அதே ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தியா தன் வர்த்தக ஒப்பந்தப் பேச்சுகளில் கணினிப் பொறியாளர்களின் வேலை விசாவுக்காக விடாப்பிடியாக நிற்கிறது. அந்த மேசையில் ஊர் பார்க்கப் போகிறவர்களுக்காகவும் இந்த மூன்றையும் கேட்கலாம். கேட்பதற்கு முன், டாக்காவிலும் கொழும்பிலும் நம் தூதரகங்கள் மறுக்கும் விண்ணப்பங்களுக்கு அதே மூன்றையும் நாம் செய்து காட்டலாம். அதைச் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் பேச்சில் இன்னும் கொஞ்சம் பலம் இருக்கும்.